ஜெர்மன் சிப்பாய்கள் எழுதிய போர் நினைவுகளை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி இதுதான்: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் சாதாரணச் சிப்பாய்களாக இருந்தவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளை எவ்வளவு நம்பலாம்? கேட்டவர் கீ சஜேரின் ‘மறக்கப்பட்ட சிப்பாய்’ நூலைப் படித்து நிலைகுலைந்து போயிருக்கிறார். பிறகு அது கட்டுக்கதை என்று ஒருவர் சொல்ல, இப்போது அந்த வகை நூல்கள் எல்லாவற்றின் மீதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். போலி நூல்கள் உண்டு. ஆனால் அவை சின்னச் சிக்கல்தான். கொஞ்சம் தேடினால் பிடிபட்டுவிடும். பெரிய சிக்கல் அசலான நூல்களில் இருக்கிறது. அசலான சிப்பாய் ஒருவர் தான் பட்ட குளிரையும் பசியையும் பயத்தையும் பொய் கலக்காமல் எழுதுகிறார். தன் படை போன வழியில் இருந்த மனிதர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுகிறார். அதனால் ‘இந்த நூல் நம்பகமானதா?’ என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எதைப் பற்றி நம்பகமானது, எப்போது எழுதப்பட்டது, யார் படிப்பதற்காக எழுதப்பட்டது என்று பிரித்துத்தான் கேட்க வேண்டும்.

சஜேரில் இருந்தே தொடங்கலாம். அவருடைய உண்மைப் பெயர் கீ மூமினூ. அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா ஜெர்மன்காரர். சஜேர் என்பது அம்மா வழிப் பெயர். போருக்குப் பிறகு பிரான்சில் காமிக்ஸ் ஓவியராக, டிமித்ரி என்ற புனைபெயரிலும், நெடுங்காலம் வேலை செய்தார். 2022 ஜனவரியில் இறந்தார். பதின்ம வயதில் ஜெர்மன் படையில் சேர்ந்து, லாரிப் போக்குவரத்துப் பிரிவில் இருந்து ‘குரோஸ்டாய்ச்லாண்ட்’ டிவிஷனுக்குப் போய், நீப்பர் ஆறு வழியாகவும் மேமல் துறைமுகம் வழியாகவும் பின்வாங்கிய கதைதான் நூல். பிரெஞ்சில் 1960-களில் வந்தது. 1971-இல் ஆங்கிலத்தில் வந்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அமெரிக்க ராணுவ அதிகாரிகளின் வாசிப்புப் பட்டியல்களிலும் இடம்பெற்றது.

1992-இல் எட்வின் கென்னடி என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி, இது வரலாறு அல்ல, நாவல் என்று ஒரு கட்டுரையில் வாதிட்டார். அவர் காட்டிய சான்றுகளில் எல்லோருக்கும் நினைவிருப்பது கைப்பட்டை. அந்த டிவிஷனின் பெயர் பொறித்த பட்டையை வலது கையில் தைத்துக்கொள்வார்கள். சஜேரோ இடது கை என்று எழுதியிருந்தார். தேதிகளும் படைப்பிரிவுகளின் பெயர்களும் பல இடங்களில் பொருந்தவில்லை என்பது இன்னொரு குற்றச்சாட்டு. 1997-இல் டக்ளஸ் நாஷ் என்ற இன்னொரு ராணுவ ஆய்வாளர் மறுத்து எழுதினார். நூலாசிரியருடன் அவர் கடிதத் தொடர்பும் வைத்திருந்தார். சஜேரின் பதிலில் எரிச்சல் தெரிந்தது. நான் வரலாற்றுக் கையேடு எழுதவில்லை, போரில் என் மனத்துக்குள் நடந்ததைத்தான் எழுதினேன், தேதியும் இடமும் கேட்டு என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்ற தொனி.

என் கருத்தில் கைப்பட்டை வாதம் பலவீனமானது. எந்தக் கையில் பட்டை என்பதைப் பல ஆண்டுகள் கழித்து மாற்றி நினைவுகூர்வது யாருக்கும் நடக்கக்கூடியது. சொல்லப்போனால், இட்டுக்கட்டுகிறவர்தான் சீருடைக் கையேட்டைப் பார்த்துச் சரியாக எழுதியிருப்பார். ஆனால் நூலில் பக்கம் பக்கமாக வரும் உரையாடல்கள் வேறு விஷயம். பீரங்கித் தாக்குதலுக்கு நடுவே யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதை இருபது ஆண்டுக்குப் பிறகு சொல்லுக்குச் சொல் யாராலும் எழுத முடியாது. அந்த இடங்களில் நாம் படிப்பது ஒரு கலைஞர் தன் நினைவைக் கொண்டு மறுபடி கட்டியெழுப்பிய காட்சிகளை. அந்தப் பயம் உண்மை என்றே நம்புகிறேன். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட கிராமத்தில், குறிப்பிட்ட கம்பெனி என்ன செய்தது என்பதற்குச் சான்றாக அந்த நூலை நான் ஒருபோதும் காட்ட மாட்டேன்.

உண்மையிலேயே போலி எது என்று கேட்டால், ‘ஸ்டாலின்கிராடிலிருந்து கடைசிக் கடிதங்கள்’ என்று 1950-இல் மேற்கு ஜெர்மனியில் வந்த சிறு நூலைச் சொல்வேன். ஸ்டாலின்கிராடில் சோவியத் படைகளால் சுற்றிவளைக்கப்பட்ட ஜெர்மன் 6-வது படையிலிருந்து கடைசி விமானங்களில் வந்த தபால் மூட்டைகளை மேலிடம் கைப்பற்றியது, அதிலிருந்து எடுத்த 39 கடிதங்கள் இவை என்று முன்னுரை சொன்னது. பெயர் கிடையாது, முகவரி கிடையாது, மூலக் கடிதம் ஒன்றைக்கூட யாரும் காட்டவில்லை. ஒவ்வொரு கடிதமும் மேடை வசனம் போல முடியும். ஒருவர் பியானோ பற்றி எழுதுவார், ஒருவர் கடவுளைத் தேடிக் கிடைக்கவில்லை என்பார். பல மொழிகளுக்குப் போய், பள்ளிகளிலும் படிக்கப்பட்டது. பின்னர் ஆய்வாளர்கள் அதை அசல் அல்ல என்று ஒதுக்கினார்கள். அந்தப் படையோடு போர்ச் செய்தியாளராக இருந்த ஹைன்ஸ் ஷ்ரோட்டரே இவற்றை எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் இப்போது பலரும் ஏற்கும் கருத்து. அசல் ஸ்டாலின்கிராட் கடிதங்கள் வேறு தொகுப்புகளில் கிடைக்கின்றன. அவற்றில் தத்துவம் இல்லை. ரொட்டி, பேன், ‘பார்சல் வந்ததா’, ‘கவலைப்படாதே அம்மா’ என்பவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. படித்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

இவற்றோடு ‘டேர் லான்ட்சர்’ என்ற வாரக் கதைப் புத்தக வரிசையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1957 முதல் 2013 வரை வந்தது. ‘சிப்பாய் அனுபவம்’ என்ற பெயரில் சாகசக் கதைகளை லட்சக்கணக்கில் விற்றது. அந்த நடைக்குப் பழகிய வாசகர்கள் ஒரு தலைமுறைக்கு மேல் இருந்தார்கள். பிறகு நினைவுக் குறிப்பு எழுதிய அசல் சிப்பாய்கள் பலரின் நடையிலும் அந்த வாசனை ஏறியிருக்கிறது. கடந்த சில ஆண்டுகளாக இணையத்தில் குறைந்த விலைக்கு விற்கும் ‘ஜெர்மன் டாங்கி வீரரின் நினைவுகள்’ வகை மின்நூல்களில் எழுதியவர் யார், எந்த ரெஜிமென்ட், கையெழுத்துப் பிரதி எங்கே என்று ஒன்றுமே இல்லாவிட்டால் அதை நாவலாகவே கருதுங்கள்.

இனி அசல் நூல்கள். இவற்றில் எதை நம்பலாம்? உடம்பு பட்டதை. 1941–42 பனிக்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரிக்குப் போனபோது, ஆணி அடித்த பூட்ஸ் வழியே குளிர் எப்படிக் காலுக்கு ஏறியது, ரொட்டியைக் கோடாரியால் வெட்ட வேண்டியிருந்தது, துப்பாக்கி எண்ணெய் உறைந்து துப்பாக்கி வேலை செய்யாமல் போனது என்று நூற்றுக்கணக்கானவர்கள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். அந்தப் பனிக்காலத்துக்காக 1942-இல் ஒரு பதக்கம் கொடுத்தார்கள். சிப்பாய்கள் அதற்கு ‘உறைந்த இறைச்சிப் பதக்கம்’ என்று பெயர் வைத்தார்கள். அதிகாரபூர்வ அறிக்கை எதிலும் கிடைக்காத மனநிலை அந்தப் பெயரில் இருக்கிறது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிஷ் பொல் இந்தப் போரில் சாதாரணக் காலாட்படைச் சிப்பாய். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் ‘பெர்விட்டின்’ அனுப்பச் சொல்லிக் கேட்கிறார். தூக்கத்தை விரட்டும் மெத்தம்ஃபெட்டமின் மாத்திரை அது. இப்படிப்பட்ட அன்றாட விவரங்களுக்குச் சிப்பாய் எழுத்தைப் போன்ற மூலம் வேறில்லை. தளபதிகளின் நூல்களில் அம்புக்குறிகள்தான் நகரும். இவற்றில்தான் மனிதர்கள் நடப்பார்கள்.

ஆனால் இந்த நம்பகமான பகுதிகளையே இன்னொரு முறை படியுங்கள். அநேகமாக எல்லா நூல்களிலும் ஓர் இடம் வரும். நாள் முழுக்கப் பனியில் நடந்து, இருட்டும் நேரத்தில் ஒரு ரஷ்யக் கிராமத்தை அடைகிறார்கள். ஒரு குடிசை கிடைக்கிறது. அடுப்பு எரிகிறது, ஒரு கோழி கிடைக்கிறது, உருளைக்கிழங்கு கிடைக்கிறது. நாமும் அவரோடு சேர்ந்து ஆறுதல் அடைகிறோம். அந்தக் குடிசை யாருடையது? அதில் இருந்த கிழவியும் குழந்தைகளும் அன்றிரவு எங்கே படுத்தார்கள்? அந்தக் கோழி போன பிறகு மார்ச் மாதம் வரை அவர்கள் எதைச் சாப்பிட்டார்கள்? ஜெர்மன் படை அந்த நாட்டில் விளைவதைத் தின்றே வாழ வேண்டும் என்பது போருக்கு முன்பே போட்ட திட்டம். பனி உடைகளை ஊர்மக்களிடமும் கைதிகளிடமும் பறித்துக்கொள்ளச் சொல்லி 1941 டிசம்பரில் உத்தரவே போனது. சிப்பாய்க்கு ஒரு சூடான இரவு கிடைத்ததென்றால், அதே இரவில் வெளியே ஒரு குடும்பம் நின்றது. எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்வை அந்தக் குடும்பத்தின் மேல் விழவில்லை, அல்லது விழுந்ததை எழுதவில்லை.

கைதிகளைப் பற்றியும் இப்படித்தான். சோவியத் கைதிகளின் முடிவில்லா வரிசையை வழியில் பார்த்தோம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பிடிபட்ட சுமார் 57 லட்சம் சோவியத் வீரர்களில் சுமார் 33 லட்சம் பேர் ஜெர்மன் காவலில் செத்தார்கள், பெரும்பகுதி பட்டினியால். முதல் பனிக்காலத்திலேயே மிகப் பெரிய அளவில் செத்தார்கள். சாலையோரக் காட்சியாக வந்து மறைந்துபோகும் அந்த வரிசையின் முடிவு இது.

எழுதாமல் விட்டதன் அளவு புரிய, 6-வது படையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாலின்கிராட் நினைவுகள் பலவும் 1942 கோடையின் தூசியில் தொடங்கி, பனியில் முடியும். படிக்கிற நமக்கு அவர்கள் பலியானவர்களாக மட்டுமே தெரிவார்கள். அதே படை ஓராண்டுக்கு முன் உக்ரைனில் இருந்தது. 1941 ஆகஸ்டில் கீவுக்குத் தெற்கே பீலா செர்க்வா என்ற ஊரில், பெற்றோர் ஏற்கெனவே சுட்டுக் கொல்லப்பட்ட சுமார் 90 யூதக் குழந்தைகளை ஒரு கட்டடத்தில் தண்ணீர் இல்லாமல் அடைத்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் தங்கியிருந்த சாதாரணச் சிப்பாய்களால் இரவெல்லாம் கேட்ட அழுகையைத் தாங்க முடியவில்லை. ராணுவப் பாதிரியார்களிடம் போய்ச் சொன்னார்கள். 295-வது காலாட்படை டிவிஷனின் அதிகாரி ஹெல்முட் குரோஸ்குர்ட் தடுக்க முயன்றார். படைத்தளபதி ரைஷெனாவ், காரியம் முடிக்கப்பட வேண்டும் என்றார். குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் கீவில் பாபின் யார் பள்ளத்தில் இரண்டே நாளில் 33,771 யூதர்கள் கொல்லப்பட்டபோது, அவர்களை வரச்சொல்லி ஊரெங்கும் ஒட்டிய அறிவிப்புகளை அச்சிட்டதும் இந்தப் படையின் பிரசாரப் பிரிவுதான். குரோஸ்குர்ட் பிறகு ஸ்டாலின்கிராடில் பிடிபட்டு, சோவியத் காவலில் 1943-இல் இறந்தார். பீலா செர்க்வாவில் சிப்பாய்கள் கேட்டார்கள், பேசினார்கள், வருந்தினார்கள் என்பதெல்லாம் அவர் எழுதி வைத்த அறிக்கையால்தான் தெரியும். அழுகையைக் கேட்டவர்களில் உயிரோடு வீடு திரும்பியவர்களும் இருந்திருப்பார்கள். நினைவுக் குறிப்புகளில் அந்த அழுகை கேட்பதில்லை.

ஏன் இந்த மௌனம்? குற்ற உணர்வு, வெட்கம் என்று மட்டும் சொன்னால் போதாது. வெளிப்படையான காரணங்கள் இருந்தன. ஒன்று சட்டம். மேற்கு ஜெர்மனியில் நாஜிக் காலத்துக் குற்றங்களில் கைமோசக் கொலை (சட்டப்படி கொலைக் குற்றத்துக்கு ஒரு படி கீழே வருவது) வழக்குகளுக்கான காலக்கெடு 1960-இல் முடிந்தது. ஆனால் கொலைக் குற்றத்துக்கான காலக்கெடுவை 1965-லும் 1969-லும் நாடாளுமன்றம் நீட்டி, 1979-இல் அடியோடு எடுத்துவிட்டது. 1958 முதல் லுட்விக்ஸ்பர்கில் ஒரு மைய விசாரணை அலுவலகம் இயங்கியது. இந்த நிலையில் எந்தச் சிப்பாய் தன் பெயர் போட்டு, நாங்கள் ஊரைக் கொளுத்தினோம், நான் சுட்டேன் என்று எழுதுவார்? எழுதினால் தோழர்களையும் மாட்டிவிடுவார்.

அடுத்தது அரசியல். பனிப்போர் தொடங்கியதும் மேற்கு ஜெர்மனிக்கு மறுபடி ராணுவம் தேவைப்பட்டது. ஜெர்மன் சிப்பாய் வேறு, ஹிட்லர் கும்பல் வேறு என்று ஐசன்ஹோவரே 1951 ஜனவரியில் அறிவித்தார். 1955-இல் புதிய ராணுவம் வந்தது. அதே ஆண்டில் மேற்கு ஜெர்மன் பிரதமர் அடெனாவர் மாஸ்கோ போய்க் கடைசிக் கைதிகளை விடுவிக்கச் சம்மதம் வாங்கினார். ‘நாங்கள் கடமையைச் செய்தோம், துன்பப்பட்டோம்’ என்ற கதைக்கு அரசின் ஆதரவும் இருந்தது, வாசகர் கூட்டமும் இருந்தது. வேறு கதைக்குப் பதிப்பகமே கிடைத்திருக்காது.

இன்னொரு காரணம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நூல்களில் அடிக்கடி வரும் வாதம் ஒன்று: மறுத்திருந்தால் எங்களையே சுட்டிருப்பார்கள். இதில் பாதி உண்மை. போரை விட்டு ஓடியதற்கும் மனவுறுதியைக் குலைத்ததாகச் சொல்லியும் ஜெர்மன் ராணுவ நீதிமன்றங்கள் தங்கள் ஆட்களையே கொன்றன. நிறைவேற்றப்பட்ட தண்டனைகள் 15,000-க்குக் குறையாது. முதல் உலகப் போரில் அதே நாட்டில் அந்த எண்ணிக்கை 48தான். எனவே பயம் பொய்யல்ல. ஆனால் நிராயுதபாணிகளைச் சுட மறுத்ததற்காக ஒருவர் கொல்லப்பட்டார் என்று காட்டப் போருக்குப் பிந்தைய வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடிய எந்த வழக்கறிஞராலும் முடியவில்லை. இந்த இரண்டு பயத்தையும் ஒன்றாகக் கலந்துவிடுவது நினைவுக் குறிப்புகளில் அடிக்கடி நடக்கிறது. கலப்பவர் தெரிந்தேதான் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. நாற்பது ஆண்டு தனக்கே சொல்லிக்கொண்ட விளக்கம் நினைவாகவே மாறிவிடும்.

நினைவு அப்படி மாறும் என்பதைச் சமூக உளவியலாளர் ஹரால்ட் வெல்ட்சரும் அவருடைய குழுவும் ஜெர்மன் குடும்பங்களில் நடத்திய நேர்காணல்களில் காட்டினார்கள்; 2002-இல் நூலாக வந்தது. தாத்தா சொன்ன கதையை மகன் திருப்பிச் சொல்லும்போது கொஞ்சம் நல்லவராகிறார். பேரன் சொல்லும்போது வீரராகவே ஆகிவிடுகிறார். தாத்தா தானே ஒப்புக்கொண்ட கொடுமைகூடப் பேரன் கதையில் காணாமல் போகிறது. முன்னாள் சிப்பாய்கள் தங்கள் சொந்த அனுபவமாகச் சொன்னவற்றில் பிறகு பார்த்த போர்த் திரைப்படங்களின் காட்சிகள் கலந்திருந்ததையும் அவர்கள் கண்டார்கள். சொன்னவர்கள் ஏமாற்றவில்லை. மனம் தனக்குக் கிடைத்த துணியையெல்லாம் சேர்த்து ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொள்கிறது.

இதற்கு மாற்றாக என்ன உண்டு? நிகழ்வுக்கு நெருக்கமான எழுத்து. அதிலும் பின்விளைவை அறியாமல் எழுதியது. இதில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும்.

வில்லி பீட்டர் ரேசெ, டூயிஸ்பர்க் நகரத்து வங்கிப் பயிற்சியாளர். கவிதைப் பித்து. 1941-இல் கிழக்கு முனைக்குப் போனார். 1944 தொடக்கத்தில் விடுப்பில் வீட்டுக்கு வந்தபோது, தன் குறிப்புகளிலிருந்து ஒரு நீண்ட வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தார். திரும்பிப் போய், அந்த ஜூனில் வீட்டெப்ஸ்க் அருகே காணாமல் போனார். வயது 23. அம்மா பத்திரப்படுத்திய அந்தப் பிரதி 2003-இல்தான் நூலானது. அதில் அவர் பின்வாங்கும் வழியில் ஊர்களைக் கொளுத்தியதையும், குடித்துவிட்டு ஒரு ரஷ்யக் கைதிப் பெண்ணை நிர்வாணமாக ஆடவைத்ததையும் எழுதுகிறார். செய்தவர்களில் தானும் ஒருவன் என்பதை மறைக்கவில்லை. அதே பக்கங்களில் தன் ஆன்மாவைப் பற்றிய கவிதை நடையும் ஓடுகிறது. படிக்கக் கடினமாக இருக்கும். போருக்குப் பிறகு உயிரோடு இருந்திருந்தால் அவரே இந்தப் பக்கங்களை அச்சுக்குக் கொடுத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். சாவு அவருக்குத் திருத்தி எழுதும் வாய்ப்பைக் கொடுக்கவில்லை.

இன்னொருவர் கொன்ராட் யாராவுஷ். மாக்டபர்க்கில் ஆசிரியர், ஆழ்ந்த கிறிஸ்தவர், நடுவயதுக்காரர். முன்வரிசையில் சண்டையிட்டவர் அல்ல; பெலாருசில் ஒரு கைதிகள் முகாமில் சமையல் பொறுப்பு. ஆயிரக்கணக்கான பட்டினிக் கைதிகளுக்கு எதை வைத்துச் சமைப்பது என்று வீட்டுக்கு எழுதுகிறார். இது போரை விடக் கொலைக்கே நெருக்கமானது என்று 1941 நவம்பரில் எழுதினார். அதோடு நிற்கவில்லை, கைதிகளிடமே ரஷ்ய மொழி கற்றுக்கொள்ளத் தொடங்கினார். 1942 ஜனவரியில் நோய் கண்டு ரோஸ்லாவ்லில் இறந்தார். அப்பாவைப் பார்த்தே இராத மகன், அதே பெயர் கொண்டவர், பிற்காலத்தில் பெயர்பெற்ற வரலாற்றாசிரியராகி அந்தக் கடிதங்களை 2008-இல் பதிப்பித்தார். நாட்டுப்பற்றோடு போருக்குப் போன ஒரு நல்ல மனிதர் எதில் பங்காளியானார், எப்போது அதை உணர்ந்தார் என்பதை வாரம் வாரமாகக் காட்டும் இப்படியொரு ஆவணம் அரிது.

கடிதங்கள் எல்லாமே இப்படி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் போரில் ஜெர்மன் ராணுவத் தபாலில் போய்வந்தவை 3,000 முதல் 4,000 கோடி வரை என்பது மதிப்பீடு. தணிக்கை அலுவலகங்களால் ஒரு சிறு பகுதியைத்தான் பிரித்துப் பார்க்க முடிந்தது. ஆனால் எதைப் பிரிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாததால் எல்லோரும் அடக்கியே எழுதினார்கள். தணிக்கையை விடப் பெரிய தடை அம்மாதான். கவலைப்படுவாளே என்று உண்மையை மறைத்த மகன்கள் எத்தனையோ பேர். அதேசமயம், பின்னாளைய நூல்களில் அறவே இல்லாத நாஜி நம்பிக்கையும் யூத வெறுப்பும் கடிதங்களில் இயல்பாக வந்து விழுகின்றன. அப்போது அதை மறைக்கத் தேவையிருக்கவில்லை. ஒருவருடைய போர்க்காலக் கடிதமும் முதுமைக்கால நினைவுக் குறிப்பும் இரண்டுமே கிடைத்தால், அருகருகே வைத்துப் படியுங்கள். எது நடுவில் கழற்றப்பட்டது என்று தெரியும்.

யாருக்காகவும் எழுதப்படாத பேச்சு ஒன்றும் நமக்குக் கிடைத்திருக்கிறது. பிரிட்டிஷார் ட்ரென்ட் பார்க், லாட்டிமர் ஹவுஸ், வில்டன் பார்க் ஆகிய இடங்களிலும், அமெரிக்கர்கள் வர்ஜீனியாவின் ஃபோர்ட் ஹன்ட்டிலும் ஜெர்மன் கைதிகளின் அறைகளில் ஒலிவாங்கிகளை மறைத்து வைத்து ஒட்டுக்கேட்டார்கள். பிரிட்டிஷ் பதிவுகள் மட்டும் ஏறத்தாழ 50,000 பக்கங்கள். அமெரிக்கப் பதிவுகள் அதைப் போல இரு மடங்கு. வரலாற்றாசிரியர் ஸோன்கெ நைட்செல் 2001-இல் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இவற்றைக் கண்டெடுத்து, வெல்ட்சரோடு சேர்ந்து 2011-இல் நூலாக்கினார். அதில் விமானிகள் சாலையில் ஓடும் மக்களைச் சுட்டதை விளையாட்டுப் போலப் பேசுகிறார்கள். கொலைகளைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் அதிர்ச்சி அடைவதில்லை, அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். நினைவுக் குறிப்புகளில் வரும் ‘எங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்பதற்கு இதைவிடக் கடுமையான மறுப்பு இல்லை. இந்தப் பதிவுகளுக்கும் குறை உண்டு: மேற்கு முனையிலும் கடலிலும் வானத்திலும் பிடிபட்டவர்களே அதிகம், இளைஞர்கள் அறையில் வீம்புக்கும் பேசுவார்கள். அதையும் கழித்துத்தான் படிக்க வேண்டும்.

எழுதியவர்கள் யார் என்பதும் மறக்கக் கூடாதது. ஜெர்மன் படைகளில் சுமார் 1.8 கோடி பேர் பணியாற்றினார்கள். 53 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர் ரூடிகர் ஓவர்மான்ஸின் கணக்கு. ஸ்டாலின்கிராடில் பிடிபட்ட சுமார் 90,000 பேரில் வீடு திரும்பியவர்கள் ஏறத்தாழ 6,000. பிழைத்தவர்களில் அதிகாரிகளின் விகிதம் அதிகம். அதிலும் எழுதப் பழகியவர்கள், படித்த நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள்தான் நூல் எழுதினார்கள். பண்ணையாட்களும் சுரங்கத் தொழிலாளர்களும் எழுதியது மிகக் குறைவு. கிழக்கு ஜெர்மனியில் வந்த நூல்கள் தனி ரகம். சோவியத் முகாமில் மனம் மாறியவனின் கதையாகவே அவை அமைய வேண்டியிருந்தது. ஜெர்மனி தன்னோடு சேர்த்துக்கொண்ட பிரெஞ்சுப் பகுதிகளான அல்சாசிலிருந்தும் மொசெலிலிருந்தும் 1942 முதல் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட சுமார் 1.3 லட்சம் பேரின் எழுத்தில், ‘நாங்கள் விரும்பிப் போகவில்லை’ என்று பிரான்சுக்கு நிரூபிக்கும் பதற்றம் ஓடும். குந்தர் கிராஸ் போன்ற பெரிய எழுத்தாளரே, 17 வயதில் தான் நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான வாஃபன் எஸ்எஸ்ஸில் இருந்ததைச் சொல்ல 2006 வரை எடுத்துக்கொண்டார் என்றால், மற்றவர்களின் தயக்கத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

நூல் வந்த ஆண்டும் ஒரு சான்று. 1995-இல் ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம், ராணுவத்தின் குற்றங்களைப் பற்றிய புகைப்படக் கண்காட்சியை ஊர் ஊராகக் கொண்டு போனது. சில படங்களின் குறிப்புகள் தவறு என்று தெரிந்ததும் 1999-இல் நிறுத்தினார்கள். ஆய்வுக் குழு பார்த்தபோது 1,433 படங்களில் பொருந்தாதவை இருபதுக்கும் குறைவு. அடிப்படை வாதம் சரி என்றே முடிவானது. 2001-இல் திருத்திய கண்காட்சி வந்தது. அதற்குப் பிறகு எழுதிய முதியவர்கள் பலர் அந்தக் கண்காட்சிக்குப் பதில் சொல்வது போலவே எழுதினார்கள். எங்கள் பிரிவில் அப்படி நடக்கவில்லை என்ற வரி அதிகமாக வருவது இந்த நூல்களில்தான். வரலாற்றாசிரியர் ஃபெலிக்ஸ் ரோமர் ஆவணங்களைச் சலித்துப் பார்த்ததில், பிடிபட்ட சோவியத் அரசியல் அதிகாரிகளைக் கொல்லச் சொன்ன 1941 ஜூன் உத்தரவு, கிழக்கு முனை டிவிஷன்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டவற்றில் நிறைவேற்றப்பட்டதற்குத் தடயம் கிடைத்தது. ‘எங்கள் பிரிவில் இல்லை’ என்பது சில பிரிவுகளுக்கு உண்மையாக இருக்கலாம். எல்லோருக்கும் உண்மையாக இருக்க முடியாது.

ஒரு நூலைச் சரிபார்க்க விரும்பினால் வழி இருக்கிறது. எழுதியவரின் டிவிஷன், ரெஜிமென்ட் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். டிவிஷன்களின் போர் நாட்குறிப்புகள் ஃப்ரைபர்க் ராணுவக் காப்பகத்தில் உள்ளன. நுண்படச் சுருள்களாக அமெரிக்கத் தேசியக் காப்பகத்திலும் உள்ளன. 1945 ஏப்ரலில் பாட்ஸ்டாம் ராணுவக் காப்பகம் குண்டுவீச்சில் எரிந்ததால் நிறைய அழிந்துவிட்டது. எனவே சான்று கிடைக்காததாலேயே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. பிறகு அந்தப் படை போன ஊர்களின் பெயரை எடுத்து, அதே வாரத்தில் அங்கே உள்ளூர் மக்களுக்கு என்ன நடந்தது என்று தனியாகத் தேடுங்கள். நூலில் அந்த வாரம் தட்பவெப்பமும் சாப்பாடுமாக நகர்ந்திருந்தால், அல்லது ‘நான்’ என்று எழுதியவர் திடீரென்று ‘ஊர் எரிந்துகொண்டிருந்தது’ என்று யாரும் கொளுத்தாதது போல எழுதியிருந்தால், அங்கே நின்று யோசியுங்கள்.

கேட்டவருக்கு என் பரிந்துரை: சஜேரைத் தூக்கிப் போட வேண்டாம். முதலில் யாராவுஷின் கடிதங்கள், பிறகு ரேசெ, பிறகு ஒட்டுக்கேட்ட பதிவுகளின் தொகுப்பு. இந்த மூன்றையும் முடித்துவிட்டுச் சஜேரை மறுபடி எடுங்கள். குளிரும் பயமும் முன்பு போலவே உங்களைத் தாக்கும். ஆனால் இந்த முறை, லாரி கடந்து போகும் ஊர்களில் யாரெல்லாம் இருந்தார்கள் என்று நீங்களே கேட்டுக்கொண்டு படிப்பீர்கள்.